காரைக்குடியிலிருந்து அரிச்சல்முனை வரை: நாயோடு கேரவனில் போகிறவர்களுக்கு

செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. காரைக்குடியில் வண்டியை எடுத்தால் தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பினால் திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், ராமநாதபுரம், பாம்பன், ராமேஸ்வரம், கடைசியில் தனுஷ்கோடி அரிச்சல்முனை. மொத்தமே ஒரு பக்கத்துக்கு 200 கிலோமீட்டருக்குள்தான். வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து, வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு மூன்று இரவு, நான்கு பகலில் போய் வரலாம்.

இந்தப் பயணத்தின் நேரக் கணக்கை நாய்தான் முடிவு செய்யும். விடியற்காலையில் கடற்கரை, ஒன்பது மணிக்குள் நிழல், நான்கு மணிக்கு மேல் மறுபடி வெளியே. இதற்கு ஒத்துக்கொள்ள முடியாதவர்கள் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லது.

எப்போது கிளம்புவது

பொங்கல் கழிந்து மாசி பாதி வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது புயல் சின்னம் உருவானால் கடற்கரைச் சாலையில் எங்கும் ஒதுங்க இடமில்லை. மார்கழியில் மழை குறைந்தாலும் சபரிமலைக்குப் போய்த் திரும்பும் கூட்டம் ராமேஸ்வரத்தில் நிரம்பி வழியும். தையில் பகலில் 28, 30 டிகிரி, இரவில் 23, 24 என்று இருக்கும். வாடைக்காற்று வீசுவதால் வெயில் உறைக்காது. 'குளிர்ச்சி' என்று இந்தக் கடற்கரையில் சொல்வது இதைத்தான். ஸ்வெட்டர் போடும் குளிரை எதிர்பார்க்க வேண்டாம்.

தையிலும் இரண்டு சமயங்களைத் தவிர்க்கவும். ஒன்று, தை அமாவாசையும் அதன் முந்தைய நாளும். ராமேஸ்வரத்துக்குள் பெரிய வண்டி நுழைவதே பெரும்பாடு. மற்றது தை 3. அன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் பக்கமெல்லாம் சாலையில் காளைகளும் ஆட்களும்தான். மாட்டைக் கண்டால் குரைக்கும் நாயோடு அந்தப் பக்கம் போகவே கூடாது.

பங்குனிக்கு மேல் இந்தப் பயணம் வேண்டாம். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு நொடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

எந்த வண்டி

முதல் தடவை போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பதே சரி. சென்னை, பெங்களூரு, கொச்சியில் டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி வாடகைக்கு விடுகிறார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: நாய்க்கு அனுமதி உண்டா, முடி விழுந்தால் சுத்தம் செய்யத் தனிக் கட்டணமா, ஓட்டுநர் அவர்களுடையவரா. மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. வருகிற ஓட்டுநருக்கு நாய் என்றால் பயம் என்பது காரைக்குடியில் வண்டி வந்து நின்ற பிறகுதான் தெரியவரும். பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த வேன் இருப்பவர்கள் பின் சீட்டை மடித்து, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஆறடிக்கு நாலடிப் பலகை அடித்து, கழற்றி மாட்டும் கட்டிலாகப் போட்டுக்கொள்ளலாம். சீட்டைப் பிடுங்கிவிட்டு நிரந்தரமாக அடுப்பு மேடை, தொட்டி எல்லாம் வைப்பது வேறு சங்கதி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி அதற்கு ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும், ஆர்சி புத்தகத்தில் ஏற வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால், விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும்.

வண்டியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, மேலே ஏசியோ சோலார் பலகையோ இருந்தால் அதையும் சேர்த்து, ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். நம் பக்கத்து ரயில்வே சுரங்கப்பாதைகளும் ஊர் நுழைவாயில் வளைவுகளும் கார்களைக் கணக்கில் வைத்துக் கட்டியவை. தாழ்ந்த புளியங்கிளை ஒன்று போதும், சோலார் கண்ணாடி போய்விடும்.

மின்சாரமா, நிழலா

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போடுவோம். 12 வோல்ட் மின்விசிறி 30 வாட், இரவு பத்து மணி நேரம் ஓடினால் 30-ஐப் பத்தால் பெருக்கி 300 வாட்-அவர். இரண்டு எல்இடி விளக்கு, ஐந்து மணி நேரத்துக்கு 50. போன் சார்ஜ் 50. சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 45 வாட், பாதி நேரம் ஓடுவதாக வைத்தால் ஒரு நாளைக்கு 540. ஆக 940. 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-அவர் இருக்கும், அதில் ஆயிரத்துச் சொச்சம் எடுக்கலாம். ஒரு நாளைக்குச் சரியாகப் போகும். அதே அளவு டியூபுலர் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும். அப்போது ஃபிரிட்ஜை மறந்துவிட்டு ஐஸ்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டி, பாம்பன் போன்ற மீன்பிடி ஊர்களில் ஐஸுக்குப் பஞ்சமில்லை.

இந்தக் கணக்கில் ஏசி வரவில்லை, கவனித்தீர்களா? ஒரு டன் ஏசி மேற்படி பேட்டரியை ஒன்றரை மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள். ஜெனரேட்டருக்கும் இதே கதைதான். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்துபோனார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. அதைக் கண்டுபிடித்துக் கத்தும் கருவி ஒன்றைப் படுக்கை அருகே மாட்டிவைப்பது நல்லது.

இன்னொரு சிக்கல்: சோலார் பலகைக்கு வெயில் வேண்டும், நாய்க்கு நிழல் வேண்டும். கூரையில் பொருத்திய பலகைக்காக வண்டியை வெயிலில் நிறுத்தினால் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் மடக்கு வகைப் பலகை, 200 வாட், பத்து மீட்டர் ஒயரோடு வாங்குங்கள். வண்டி தென்னந்தோப்பில் நிற்கட்டும், பலகை வெளியே காயட்டும். இன்ஜினிலிருந்து 30 ஆம்பியர் டிசி சார்ஜர் வைத்திருந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் பேட்டரி பாதிக்கு மேல் ஏறிவிடும், பலகையே தேவைப்படாது.

ஜன்னல் கொசுவலை எஃகுக் கம்பி வலையாக இருக்கட்டும். நைலான் வலையை நாய் ஒரே இரவில் கிழித்துவிடும்.

தண்ணீர், அடுப்பு, கழிப்பறை

ஆளுக்குக் குடிக்க 3 லிட்டர், சமையலுக்கும் கழுவலுக்கும் 10 லிட்டர். நாய்க்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி. 25 கிலோ நாய்க்கு ஒன்றரை லிட்டர், கடற்கரையில் ஓடி ஆடினால் மூன்று. இரண்டு பேருக்கும் ஒரு நாய்க்கும் இரண்டு நாளைக்கு 60 லிட்டர் வேண்டும். காரைக்குடியிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக் கரையோர ஊர்களில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. திடீரென்று தண்ணீர் மாறினால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கு வரும். நாய்க்கு மட்டுமாவது வீட்டுத் தண்ணீரைப் பத்து லிட்டர் கேனில் தனியாக வைத்திருங்கள்.

அடுப்புக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும், நாயும் தரையில்தான் படுத்திருக்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியே இருக்க வேண்டும்.

கையடக்கக் கழிப்பறைப் பெட்டி வைத்திருந்தால் அதைப் பெட்ரோல் பங்க், விடுதிக் கழிப்பறைகளில் கேட்டுக் கொட்டுங்கள். கடற்கரையிலோ ஊருணிக் கரையிலோ கொட்டுவது நியாயமில்லை.

நாயைத் தயார் செய்வது

வெறிநாய்த் தடுப்பூசியும் கூட்டுத் தடுப்பூசியும் கெடு தாண்டாமல் இருக்க வேண்டும். அட்டையைப் படம் எடுத்து வைப்பதோடு அசலையும் எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி முடியாத குட்டியைக் கூட்டிப் போகாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் நம் மாவட்டங்களில் சாதாரணம். உண்ணி மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் எடை சொல்லி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த நாய் என்பதும் முக்கியம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்தப் பயணம் ஒத்துவராது. லாப்ரடார் தண்ணீரில் குதிக்கும், ஆனால் பகல் புழுக்கத்தில் சீக்கிரம் தளரும். ராஜபாளையத்துக்கு வெள்ளை முடிக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல். மூக்கும் காது நுனியும் வெயிலில் வெந்துபோகும். அந்த இனத்தில் காது கேளாத நாய்களும் உண்டு, கூப்பிட்டால் வரும் என்று நம்பி அவிழ்த்துவிட முடியாது. சிப்பிப்பாறையும் கன்னியும் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் முயல் விரட்டப் பிறந்தவை. வழியெல்லாம் ஆட்டு மந்தை. இவற்றின் தலை கழுத்தைவிடப் பெரிதல்ல, சாதாரணக் கழுத்துப் பட்டையைப் பின்னால் ஓர் இழுப்பில் உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் இறுகும் அகலப் பட்டை ஒன்று, மார்பைச் சுற்றும் ஹார்னஸ் ஒன்று, இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். பட்டையில் போன் எண் பொறித்த தகடு இருக்கட்டும்.

வண்டி ஓடும்போது நாய் கூண்டிலோ ஹார்னஸ் மாட்டி சீட் பெல்ட்டோடு இணைத்தோ இருக்க வேண்டும். கூண்டைத் தரைக் கொக்கியில் பட்டையால் கட்டுங்கள். கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். வாந்தி எடுக்கிற நாய்களில் பலவற்றுக்கு இதுவே மருந்து.

நீங்கள் சமைக்கும் செட்டிநாட்டுக் குழம்பு நாய்க்கு ஆகாது. காரத்துக்காக மட்டுமல்ல, சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மசாலா போடுவதற்கு முன் வெந்த கறியை எலும்பு நீக்கி எடுத்து வைத்து, சோற்றோடு பிசைந்து கொடுங்கள்.

முதல் இரவு வீட்டு வாசலில்

வண்டி வந்ததும் நேராகக் கடலுக்குப் போகாதீர்கள். ஓர் இரவு வீட்டு வாசலிலேயோ பின்கட்டுத் தெருவிலேயோ நிறுத்தி, குடும்பத்தோடு வண்டிக்குள் படுங்கள். விசிறி எவ்வளவு சத்தம், நாய் எங்கே சுருண்டு படுக்கிறது, நடுராத்திரி வெளியே போக வேண்டும் என்று எப்படிச் சொல்கிறது என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். கதவைத் திறந்தவுடன் நாய் பாயக் கூடாது. உட்கார வைத்து, கயிறு மாட்டி, நீங்கள் இறங்கிய பிறகு அது இறங்க வேண்டும். இதை ஒரே நாளில் இருபது தடவை பழக்குங்கள். சாலையோரம் நிறுத்தும் வண்டியில் உயிரைக் காப்பது இந்த ஒரு பழக்கம்தான்.

மறுநாள் கானாடுகாத்தானோ திருமயமோ ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ஒன்று மட்டும்: ஊருணியில் நாயை இறக்காதீர்கள். அது ஊர் குடிக்கும் தண்ணீர். கண்மாயிலும் ஆள் குளிக்கும் துறையை விட்டுத் தள்ளியே.

வழி

முதல் நாள் அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் தொண்டி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாயை இறக்கிப் பத்து நிமிடம் நடத்த வேண்டும், திருவாடானையில் ஒரு நிறுத்தம் சரியாக இருக்கும். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரையிலான கரை பாக் விரிகுடாப் பக்கம். ஆழம் குறைவு, பல இடங்களில் மணலுக்குப் பதில் சேறும் கரையொதுங்கிய கடற்புல்லும். இதைத்தான் பெண்கடல் என்பார்கள். ஆனால் வாடை வீசும் மாதங்களில் இதுதான் சலசலக்கும், தெற்கே உள்ள ஆண்கடல், அதாவது மன்னார் வளைகுடா, அடங்கியிருக்கும். நாயைத் தண்ணீரில் இறக்கும் ஆசை இருந்தால் முதலில் நீங்கள் முழங்கால் வரை இறங்கிப் பாருங்கள், சேறு காலை இழுத்தால் அந்த இடம் வேண்டாம். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறை அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரி நடத்துகிறது. அதில் நாயை ஏற்ற நினைக்காமல், ஒருவர் கரையில் நிற்க மற்றவர்கள் போய் வாருங்கள்.

இந்தக் கரையில் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும் என்பது அவர்கள் மார்க்க விதி. பள்ளிவாசல் அருகே வண்டியை நிறுத்தாமல், ஆட்கள் வரும்போது கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஒதுங்கி நின்றால் போதும், மரியாதையாகவே பேசுவார்கள். கரையில் காயப்போட்டிருக்கும் கருவாட்டின் பக்கம் நாயைக் கொண்டுபோவதில்தான் உண்மையான சண்டை வரும். அது அவர்கள் பிழைப்பு.

இரவு தங்கத் தோப்புக்காரரிடம் நேரில் கேளுங்கள். 'அண்ணே, ஒரு ராத்திரி மட்டும் வண்டி நிறுத்திக்கலாமா, நாய் ஒன்னு இருக்கு, கட்டித்தான் வச்சிருப்போம்' என்று நாயை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தென்னை மரத்துக்கு நேர் அடியில் மட்டும் நிறுத்தாதீர்கள், ஒரு தேங்காய் விழுந்தால் கண்ணாடி காலி. யாருக்கும் சொல்லாமல் கடற்கரையில் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றால் கடலோரக் காவல் போலீஸார் வந்து எழுப்புவார்கள். இலங்கைக் கடத்தல் நடக்கும் கரை என்பதால் கேள்வி கேட்பது அவர்கள் வேலை. ஆர்சி, உரிமம், ஆதார் மூன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

இரண்டாம் நாள் தேவிபட்டினம் நவபாஷாணம் பார்த்துவிட்டு ராமநாதபுரம். அங்கே டீசல், தண்ணீர், காய்கறி எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்ளுங்கள். பிறகு உச்சிப்புளி பக்கம் திரும்பினால் அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பு நிழல் இருப்பதால் இந்த வழியில் பகல் பொழுதுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கவாட்டுக் காற்று உயரமான வண்டியைத் தள்ளும். 40-க்கு மேல் போகாதீர்கள், ஜன்னல்களை ஏற்றிவிடுங்கள், படமெடுக்க நிறுத்தாதீர்கள். ராமேஸ்வரத்தில் சத்திரம், விடுதி அறைகளில் நாயை அனுமதிப்பது அரிது. ஆனால் சுற்றுலாப் பேருந்து நிறுத்தும் வளாகம் உள்ள விடுதிகளில் வண்டிக்கு மட்டும் இடம் கேட்டால் கிடைக்கும், குளிக்கவும் வழி உண்டு.

தனுஷ்கோடிக்குச் சோதனைச் சாவடி திறந்ததும் காலையிலேயே போய்விடுங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-ல்தான் வந்தது. அங்கே மரமில்லை, குடிநீரில்லை, இரவு தங்க அனுமதியில்லை. சாலையை விட்டு ஒரு சக்கரத்தைக்கூட இறக்காதீர்கள். இறங்கிப் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஆழம்தான் கூடும். இன்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வாரி, டயர் காற்றைப் பாதியாக இறக்கி, தென்னை மட்டையோ பலகையோ செருகி, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள். தார் ஏறியதும் முதல் வேலை காற்று அடிப்பது, அதற்கு 12 வோல்ட் பம்பு வேண்டும்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரைகளில் முட்டையிட ஏறும் காலம். நாய் மோப்பம் பிடித்துக் குழியைத் தோண்டிவிடும். ஆகையால் இருட்டிய பிறகு மணலில் நாய் வேண்டாம்.

கரையில் நாய் எதை வாயில் வைக்கும்

வலையிலிருந்து கழித்துப்போட்ட மீன்தான் பெரிய ஆபத்து. உருண்டையாக உப்பிக் கிடக்கும் பேத்தை மீனில் கொடிய விஷம். தின்ற நாய்க்கு வாந்தி, வாய் மரப்பு, பின்னங்கால் தள்ளாட்டம், பிறகு மூச்சுத் திணறல். மாற்று மருந்து கிடையாது, கால்நடை மருத்துவமனைக்கு ஓடுவது ஒன்றே வழி. கெளுத்தி முள், திருக்கை வால் முள், சொறி மீன், தூண்டில் முள் செருகிய கழிவு, சில நேரம் வலையில் சிக்கி வந்த கடல் பாம்பு, இவையெல்லாம் அந்தக் குப்பையில்தான் கிடக்கும். 'விடு' என்று சொன்னால் வாயில் இருப்பதைக் கீழே போடும் பழக்கம் இல்லாத நாய்க்குக் கரையில் வாய்க்கூடை மாட்டுங்கள், மூச்சு வாங்க வசதியான கம்பிக் கூடையாக.

உப்புத் தண்ணீரைக் குடித்தால் பேதியாகும், அதிகம் குடித்தால் வலிப்பு வரை போகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு நல்ல தண்ணீர் கொடுத்தால் கடல் நீரை நாடாது.

மணலைத் தாண்டினால் சீமைக்கருவேல முள். நாய் நொண்டினால் விரல் இடுக்கை விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். முனை ஒடிந்து உள்ளே நின்றால் கரும்புள்ளி மாதிரி தெரியும். நேராக இழுக்காமல், குத்திய சாய்விலேயே இடுக்கியால் உருவி, அயோடின் மருந்து தடவுங்கள். இதே முள் டயரையும் விடாது. பஞ்சர் கிட் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மீனவக் குப்பங்களில் தெருநாய்க் கூட்டம் உண்டு. ஓடாதீர்கள். உங்கள் நாயைப் பின்னால் இழுத்துக்கொண்டு குடையை அவற்றின் முகத்துக்கு நேரே படக்கென்று விரித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். யாரைக் கடித்தாலும் 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும், பிறகு ஆளுக்கு ஆரம்ப சுகாதார நிலையம், நாய்க்குக் கால்நடை மருந்தகம்.

வண்டிக்குள் தனியே விடலாமா

கூடாது. வெளியே 29 டிகிரி இருக்கும்போது மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் 40-ஐத் தொடும், அரை மணியில் 48-ஐ நெருங்கும். ஜன்னலை இரண்டு அங்குலம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. கோயிலுக்குப் போக வேண்டுமா, முறை வைத்துப் போங்கள். ஒருவர் நாயோடு நிழலில். தனியாக நாயோடு போகிறவருக்கு ராமேஸ்வரம் தரிசனம் இந்தப் பயணத்தில் இல்லை.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. நாக்கு நீண்டு தொங்கி, ஈறு செங்கல் நிறமாகி, நடை தடுமாறினால் தெர்மாமீட்டர் வையுங்கள். 41 என்றால் உயிருக்கே ஆபத்து. நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, பாதங்களில் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஐஸ் வேண்டாம். 39.5-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் காட்டியே ஆக வேண்டும், சிறுநீரகம் பாதிப்பது மறுநாள்தான் தெரியும். மனிதருக்கான பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டுமே நாய்க்கு விஷம்.

திரும்பி வந்ததும்

வண்டியின் அடிப்பாகத்தை அன்றே நல்ல தண்ணீரில் பீய்ச்சி அடித்துக் கழுவச் சொல்லுங்கள். சைலன்சர், பிரேக், சக்கர நட்டுகள், கதவுக் கீல்கள் என்று உப்பு ஒட்டும் இடமெல்லாம் தண்ணீர் போக வேண்டும். பேட்டரி முனைகளைத் துடைத்து வாசலின் தடவுங்கள். நாயை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, காதை உலர்த்துங்கள். காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, வாலடி மூன்றிலும் மூன்று வாரம் தினமும் உண்ணி தேடுங்கள். அந்த நாள்களில் காய்ச்சல், சாப்பாட்டில் விருப்பமின்மை, மூக்கில் ரத்தம் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் கடற்கரைக்குப் போய் வந்ததைச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.